டெக்சாஸ் ஸ்டோரேஜில் களவுபோன கண்டனூர்ச் சாமான்கள்

அமெரிக்காவுக்கு வேலை விசாவில் வந்து சேரும் நம் ஆட்கள் பலர் என்றைக்காவது ஒரு ஸ்டோரேஜ் யூனிட்டை வாடகைக்கு எடுக்கத்தான் செய்கிறார்கள். அபார்ட்மென்ட் லீஸ் ஜூலையில் முடிந்துவிடும், வாங்கிய வீடு செப்டம்பரில்தான் கைக்கு வரும். கம்பெனி திடீரென்று வேறு ஊருக்கு மாற்றும். நடுவில் சாமான்களை எங்கே போடுவது? நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசை வரிசையாக மேலே சுருளும் தகரக் கதவு போட்ட அறைகள் இருக்கும். பத்துக்குப் பத்தடி அறை ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, கடையில் வாங்கிய சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டு வரலாம். கேட்டைத் திறக்க ஒரு எண் தருவார்கள். எங்கள் சாமான்கள் ஹூஸ்டன் புறநகரில் இப்படி ஓர் அறையில் இருந்தபோதுதான் களவுபோயின.

இப்போது படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் குடும்பச் சடங்குக்காக, செட்டிநாட்டில் எங்கள் ஊரான கண்டனூர் வந்திருக்கிறேன். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஆகஸ்டில் மேல்படிப்புக்கு அமெரிக்கா கிளம்புகிறார்கள். ஸ்டோரேஜ் களவைப் பற்றி வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) உட்கார்ந்து நிறையக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் அறையில் இருந்தவற்றில் சோபா, கட்டில், தொலைக்காட்சி எல்லாம் அங்கே வாங்கியவை. அவை போனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆத்தா கல்யாணத்துக்கு வைத்த சாமான்களில் கொஞ்சத்தைக் கப்பலில் அனுப்பி வரவழைத்திருந்தோம். வெண்கலப் பானை, பித்தளைத் தூக்குகள், செப்புக்குடம், தேங்குழல் அச்சு, ஒரு சோடிக் குத்துவிளக்கு, அப்பத்தா கையால் முடைந்த ஓலைக் கொட்டான்கள். புது வீட்டில் பால் காய்ச்சும்போது அந்தப் பானையில்தான் பொங்க வேண்டும் என்று ஆத்தாவுக்கு ஆசை.

நாற்காலி எடுக்கப் போன என் வீட்டுக்காரர் கதவடியில் நின்று போன் செய்தார். சாவி சேரவில்லை என்றார். பூட்டு நாங்கள் போட்டது போலவே வட்டமாக, பளபளப்பாக இருந்ததாம். வாடகை பாக்கி என்றால் நிர்வாகம் தன் பூட்டை மேலே போட்டுவிடும் என்பதால் ஆபீஸில் முதலில் பாக்கி இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். பாக்கி இல்லை. அவர்களே அறுத்துத் திறந்தபோது பாதி அறை காலி. அப்புறம் அந்த வரிசையில் ஒவ்வொரு கதவாகச் சோதித்தால் இன்னும் சில அறைகளிலும் இதே கதை.

போலீஸ்காரர் விளக்கினார். திருடர்கள் வேலி ஏறிக் குதித்து வருவதில்லை. பொய்யான பேரில் அவர்களும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துவிடுவார்கள். கேட் எண் கிடைத்துவிடும். லாரியோடு உள்ளே வந்து போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை, அவர்களும் வாடகைக்காரர்கள்தானே. பூட்டை அறுத்து, எடுக்க வேண்டியதை எடுத்து, அதே மாதிரி வேறு பூட்டைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சொந்தக்காரர் வாரக்கணக்கில் கழித்து வருவார். அதற்குள் கேமராவில் பழைய பதிவு அழிந்து மேலே புதுப் பதிவு ஏறியிருக்கும். எங்கள் இடத்தில் அதுதான் நடந்தது. கேமராவும் கேட்டுப் பக்கம் மட்டும்தான். வரிசைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை.

வேறு சில இடங்களில் கதவைத் தொடவே மாட்டார்களாம். அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது மெல்லிய நெளி தகடுதான். திருகாணியைக் கழற்றி ஒரு மூலையை மடக்கினால் பக்கத்து அறைக்குள் போய்விடலாம்.

பூட்டைப் பற்றி இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். நீள வளையம் வைத்த சாதாரணப் பூட்டை பெரிய கட்டர் ஒன்று நொடியில் துண்டாக்கிவிடும். வட்டமான டிஸ்க் பூட்டில் வளையம் உள்ளே மறைந்திருப்பதால் கட்டர் வாய்க்கு அகப்படாது. ஆனால் பேட்டரியில் ஓடும், இரும்பை அறுக்கும் கிரைண்டருக்கு அதுவும் தாங்காது. கதவுக்குள்ளேயே பதித்த சிலிண்டர் பூட்டு இவற்றைவிட மேல். அதைவிட மேல், கட்டடத்துக்குள் மாடியில் இருக்கும் குளிரூட்டிய அறைகளும், ஒவ்வொரு கதவுக்கும் தனி அலாரம் வைத்த இடங்களும். வாடகை கூடத்தான். கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அறை எடுக்கும் முன் பகலில் ஒரு முறை, இருட்டியபின் ஒரு முறை போய்ப் பாருங்கள். இரவு முழுக்க கேட் திறக்கிற இடமா, ஆபீஸில் ஆள் எந்நேரம் இருக்கிறார், வரிசைகளில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

போனில் ஆத்தாவிடம் சொன்னபோது ஆத்தா பூட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பூட்டிட்டு வந்தா போதுமா ஆத்தா, பாத்துக்கிட ஆளு வேணாமா?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கண்டனூர் வீட்டில் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஓர் அறை. அவரவர் சாமான் அவரவர் அறையில். வாசல் கதவில் தொங்குவது திண்டுக்கல் பூட்டு, 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆனால் இத்தனை காலம் காத்தது அந்தப் பூட்டா? ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் பட்டாலையில் (வளவை ஒட்டிய மேடையில்) படுத்திருந்தார்கள். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அப்பத்தாமாருக்குத் தெரியும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் ஐயாக்கள் கிட்டங்கியில் (தொழிலுக்கும் தங்கவும் ஆன பொதுக் கட்டடத்தில்) தங்கியபோதும் அப்படித்தான். ஒரே நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, ஓர் அலமாரி, அதன் பக்கத்திலேயே பாய். 1942இல் சப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்கள் உண்டு. அது போர்.

செட்டிநாட்டிலும் இன்று அந்த ஆள் இல்லை. பாதித் தெரு பூட்டிக் கிடக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் கதவு, நிலை, தூண் என்று கழற்றிப் போகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். முறையாக விலைக்கு வந்தவைதான் பெரும்பாலும். இருந்தாலும் யாரோ ஓர் அப்பத்தாவின் விலாசம் (குடும்பத் தலைப்பெழுத்துகள்) வெட்டிய சட்டி விலைச்சீட்டோடு உட்கார்ந்திருப்பதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஸ்டோரேஜ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே, உள்ளே இருக்கும் பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பில்லை, இவ்வளவு டாலருக்கு மேல் மதிப்புள்ளதை வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். ஊரில் வங்கி லாக்கர் என்றால் 2022 சனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வங்கியின் கவனக்குறைவாலோ ஊழியர் மோசடியாலோ களவுபோனால் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரை வங்கி தர வேண்டும். ஸ்டோரேஜில் அப்படி ஒன்றும் கிடையாது. உங்கள் இன்சூரன்ஸ்தான் கதி. வாடகை வீட்டு இன்சூரன்ஸ் வைத்திருந்தால் வெளியே ஸ்டோரேஜில் இருக்கும் பொருளுக்கும் கொஞ்சம் செல்லும். ஆனால் பல பாலிசிகளில் மொத்தப் பொருள் காப்பீட்டில் 10 சதவீதம்தான். 30,000 டாலருக்கு எடுத்திருந்தால் 3,000. அதில் 500 டாலரோ 1,000 டாலரோ நம் பங்காகக் கழித்துக்கொள்வார்கள். நம் வீட்டுப் பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். களவுபோனால் நகைக்கு 1,500, வெள்ளிப் பாத்திரத்துக்கு 2,500 என்று தனி வரம்பு போடுவது வழக்கம். கல்யாண வெள்ளி மொத்தத்துக்கும் அவ்வளவுதான். தனியாகப் பட்டியலிட்டுக் கூடுதல் காப்பீடு எடுத்தால்தான் முழு மதிப்பு வரும். எப்படியானாலும் நகையும் வெள்ளியும் ஸ்டோரேஜுக்குள் போகவே கூடாது.

ஸ்டோரேஜ்காரர்களே மாதம் பத்து இருபது டாலருக்கு விற்கும் காப்பீட்டில், உடைத்து நுழைந்த தடயம் இருந்தால்தான் பணம் என்ற நிபந்தனை இருக்கும். பூட்டை மாற்றிவிட்டுப் போயிருந்தால் தடயம் எங்கே? இதற்காகத்தான் உள்ளே கால் வைக்கும் முன் போட்டோ எடுக்கச் சொல்கிறேன். எங்கள் கதவில் தாழ்ப்பாள் துளைக்குக் கீழே பெயின்ட் உரிந்து, கிரைண்டர் பொறி பட்ட கறுப்புக் கோடு ஒன்று சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்தது. தரையில் இரும்புத் தூள். என் வீட்டுக்காரர் அதைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்திருந்தார். போலீஸ் அறிக்கையிலும் உடைத்து நுழைந்ததாக எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். அந்தக் கோடுதான் எங்கள் க்ளெய்மைக் காப்பாற்றியது.

அடுத்து க்ளெய்ம் பார்க்கும் அதிகாரி. பொருள், வாங்கிய தேதி, விலை, ரசீது என்று வரிசையாகக் கேட்டார். தொலைக்காட்சிக்கு இமெயிலில் ரசீது கிடைத்தது. வெண்கலப் பானைக்கு? ஆத்தாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. கல்யாணத்துக்கு வைத்த சாமான் ஒவ்வொன்றும் என்ன உலோகம், எத்தனை கிலோ, எத்தனை உருப்படி என்று ஆத்தா கையெழுத்தில் எழுதியது. தம்பி பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தேன். கல்யாண ஆல்பத்தில் சாமான் பரப்பியிருக்கும் படமும் சேர்ந்தது. அந்த அதிகாரி அத்தனையையும் ஏற்றுக்கொண்டார். பழம்பொருள் என்பதால் புதிது வாங்கும் விலை தரமாட்டார்கள், இன்றைய மதிப்புதான். ஆனாலும் ஆத்தாவின் நோட்டு இல்லையென்றால் க்ளெய்மில் பானைக்கென்று ஒரு வரியே இருந்திருக்காது.

பேர் வெட்டியதும் உதவியது. ஒவ்வொரு தூக்கின் கழுத்திலும் ஐயா வீட்டு விலாசம் வெட்டியிருந்தது. சீரியல் நம்பர் உண்டா என்று போலீஸில் கேட்டபோது அந்த எழுத்துகளைத் தாளில் எழுதி, பழைய படத்தையும் கொடுத்தேன். டெக்சாஸில் பழைய பித்தளை, செம்பு வாங்கும் கடைக்காரர் விற்பவரின் அடையாள அட்டையைப் பதிந்துவைக்க வேண்டும் என்பது சட்டம். கொஞ்ச நாளில் துப்பறியும் பிரிவிலிருந்து ஒரு படம் வந்தது. பழைய உலோகக் கடையில் ஒரு தூக்கு, செப்புக்குடம். தமிழ் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பாத்திரக் கடையில் சுத்தியலும் உளியும் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டும் ஆசாரி, அந்த எழுத்தை ஓர் அமெரிக்கப் போலீஸ்காரர் அடையாளத்துக்கு வைத்துக்கொள்வார் என்று நினைத்திருப்பாரா? பானை கிடைக்கவில்லை. உருக்கியிருப்பார்கள்.

பக்கத்து அறை ஒரு தெலுங்குக் குடும்பத்துடையது. அவர்களுக்குப் போனது காகிதங்கள். பழைய பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வரித் தாள்கள். பாத்திரம் போவதைவிட இது பெரிய தொல்லை, ஏனென்றால் நம் பேரில் கடன் வாங்கிவிடுவார்கள். நம் கடன் விவரங்களைப் பதிந்துவைக்கும் நிறுவனங்களான எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும், யாரும் நம் பேரில் புதுக் கடன் வாங்க முடியாதபடி கிரெடிட்டை முடக்கிவிட வேண்டும். 2018 முதல் இதற்குக் கட்டணமே இல்லை. களவு போகாதவர்களும் வந்த புதிதிலேயே செய்துவைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். இந்தியப் பாஸ்போர்ட் போனால் போலீஸ் அறிக்கையோடு இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஹூஸ்டனிலேயே ஒன்று இருக்கிறது.

கோபத்தில் பலர் செய்வது, இனி உனக்கு வாடகை எதற்கு என்று நிறுத்திவிடுவது. அதைச் செய்யாதீர்கள். வாடகை நின்றால் மிச்சமிருக்கும் சாமானைப் பிடித்துவைத்து ஏலம் விட நிர்வாகத்துக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. முதலில் சாமானை வெளியே எடுங்கள். காலி செய்ததை எழுத்தில் வாங்குங்கள். பிறகு வாடகையை நிறுத்துங்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். 2018 முதல் தனிநபர் வீட்டுப்பொருள் இப்படிக் களவுபோவதற்கு அந்தச் சலுகை இல்லை.

படைப்பு முடிந்த கையோடு வீட்டில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். எங்கள் புள்ளி அறையில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் வளவுக்கு எடுத்துவந்து, விலாசம் தெரியும்படி படம் பிடித்து, எடை போட்டு, ஆத்தா நோட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். நோட்டில் இருப்பதை ஆத்தா வாசிக்கிறார்கள், அமெரிக்கா போகிற பிள்ளைகள் இருவரும் தட்டச்சு செய்கிறார்கள். அயித்தை வீட்டுச் சாமானுக்கும் இதையே செய்து தரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பித்தளை முடிந்தது. மங்குச் சாமானும் (எனாமல் பாத்திரங்கள்) மாடி அறையும் தம்பி வந்தபிறகுதான்.