என் கவிதைகளையும் பாட்டு வரிகளையும் பதிவு செய்த அனுபவம்

பதிவு செய்தால்தான் காப்புரிமை வரும் என்று நினைக்கிற கவிஞர்களை நிறையப் பார்க்கிறேன். கையெழுத்துப் பிரதியைத் தன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அவசியமே இல்லை. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக யோசித்து எழுதி முடித்தாலே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அவர் வாழும் காலம் முழுக்கவும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் அது நிற்கும்.

அப்படியானால் நான் எதற்காகப் பதிவு செய்தேன்? நாளைக்கு வழக்கு என்று வந்தால், பதிவேட்டில் உள்ள விவரங்களை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளும். அதை மறுக்கிற பொறுப்பு எதிராளியின் தலையில் விழும். என்னைப் போல ஊரில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு அது பெரிய பலம்.

முதலில் எழுத்துகளைப் பிரித்து வைத்தேன். எங்கும் வெளிவராத கவிதைகள் ஒரு தொகுப்பு, பாட்டு வரிகள் இன்னொன்று, ஏற்கெனவே நூலாக வந்தவை தனி. வெளியானதா, வெளியாகாததா என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். வெளியானது என்றால் எந்த ஆண்டு, எந்த நாட்டில், யார் வெளியிட்டது என்று சொல்ல வேண்டும். இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். ஒவ்வொரு கவிதைக்கும் தனித்தனியாகக் கட்டிக் கட்டுப்படியாகாது. தொகுப்பு முழுவதையும் ஒரே தலைப்பில் ஒரே படைப்பாகக் கொடுத்தேன்.

நூலாக வந்த தொகுப்புக்குப் பதிப்பாளரின் ஆட்சேபணையில்லாக் கடிதம் வேண்டியிருந்தது. கேட்டபோது பதிப்பாளர் அண்ணன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எழுதினது நீ, உரிமையும் உனக்குத்தானேம்மா" என்று சொல்லி, பதிப்பகத்தின் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லாருக்கும் இப்படிப்பட்ட பதிப்பாளர் அமைய வேண்டும்.

விண்ணப்பம் படிவம் 14. டில்லி துவாரகாவில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே நிரப்பலாம், நேரில் போக வேண்டாம். பாட்டு எழுதுகிறவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். சட்டத்தில் இசைப் படைப்பு என்பது மெட்டு மட்டும்தான். சொற்கள் அதில் சேராது. வரிகள் இலக்கியப் படைப்பாகவே பதிவாகும். பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மூன்றாவது கணக்கு. என் வரிகளுக்கு மெட்டமைத்தது தம்பி ஒருவன், மெட்டு அவனுடையது. நான் வரிகளை மட்டும் என் பெயரில் கொடுத்தேன், அவனுக்கும் தகவல் சொன்னேன். உரிமையில் சம்பந்தப்பட்டவர்கள் யாராவது இருந்தால் விண்ணப்பதாரரே அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

பணம் கட்டியதும் விண்ணப்பத்துக்கான டைரி எண் வந்தது. அதன் பிறகு 30 நாள் யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று காத்திருக்கிறார்கள். பிறகுதான் ஆய்வு அதிகாரி படித்துப் பார்ப்பார். மாதக்கணக்கில் ஆனது. டைரி எண்ணைப் போட்டு அவ்வப்போது நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

உண்மையான பாதுகாப்பு நாம் கையெழுத்துப் போடுகிற தாளில் இருக்கிறது என்பது அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் எனக்கு உறைத்தது. தனி ஆல்பம் ஒன்றுக்கு என் வரிகளைக் கேட்டு ஒரு தயாரிப்பாளர் ஒப்பந்தம் அனுப்பினார். இரண்டாவது பக்கத்தில், சின்ன எழுத்தில், எல்லா உரிமைகளும், உலகம் முழுவதற்கும், என்றென்றைக்கும், ஒரே தொகைக்கு. பாட்டில் பெயர் போடுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. "எல்லாரும் இதுலதான்க்கா கையெழுத்து போடுறாங்க" என்றான் தம்பி. நான் போடவில்லை. சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். சினிமாவுக்கு எழுதினாலும் தனி ஆல்பத்துக்கு எழுதினாலும், ராயல்டியில் நமக்குச் சேர வேண்டிய சம பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுகளுக்கும், உறுப்பினர்களுக்காக ராயல்டி வசூலித்துத் தருகிற காப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே தரலாம். (திரையரங்கில் படத்தோடு ஓடும்போது மட்டும் இது பொருந்தாது.) ஒப்பந்தக் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கொள்ள வேண்டும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அந்த 'என்றென்றைக்கும்' ஏன் அவ்வளவு அக்கறையாக எழுதப்பட்டிருந்தது என்று அப்போது புரிந்தது.

நான்கு திருத்தம் கேட்டேன்: 5 ஆண்டு, இந்த ஆல்பத்துக்கு மட்டும், பாட்டு எங்கே வந்தாலும் என் பெயர், ராயல்டிப் பங்கு என்னுடையது. தயாரிப்பாளர் தரப்பு முதலில் முறுக்கிக்கொண்டது, பிறகு காலத்தை மட்டும் 10 ஆண்டாக்கச் சொல்லி ஒத்துக்கொண்டது. எனக்கு அது சம்மதமே. ஆல்பம் வெளியானதும் ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன். 1969இல் தொடங்கிய சங்கம்; பாட்டு ஒலிபரப்பாவதற்கும் மேடைகளில் பாடப்படுவதற்கும் வசூலித்துப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பிரித்துத் தருகிறது. சேர்ந்தால் மட்டும் போதாது, நம் பாட்டுகளின் விவரத்தையும் நாமே அதில் ஏற்ற வேண்டும்.

இடையில், பத்திரிகையில் வந்த என் கவிதை ஒன்றை யாரோ யூடியூப்பில் தன் பெயரில் வாசித்துப் போட்டிருந்தார். கருவேலங்காட்டை மூங்கில்காடு ஆக்கியிருந்தார். பெயரை எடுத்ததைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கவிதை நடக்கிற மண்ணில் மூங்கில் முளைக்காது. யூடியூப்பின் புகார்ப் படிவத்தில் வீடியோவின் இணைப்பையும் பத்திரிகை இதழின் விவரத்தையும் கொடுத்தேன். பதிவுச் சான்றிதழை யாரும் கேட்கவே இல்லை. வீடியோ நீக்கப்பட்டது. எழுதியவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், பெயருக்குக் களங்கம் வரும்படி எழுத்தைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும், மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்த பிறகும் நம்மிடமே இருக்கும். 57ஆவது பிரிவை ஒரு முறை படித்து வையுங்கள்.

பதிவேட்டின் பிரதி கைக்கு வந்ததும் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டேன். இப்போது உயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளிவராத கையெழுத்துப் பிரதியை ஒருவருக்கு உயிலில் எழுதி வைத்தால், வேறு மாதிரிச் சொல்லாதவரை, காப்புரிமையும் அவருக்கே போகும். என் நோட்டுப் புத்தகங்களைத் தங்கையின் மகள் பெயருக்கு எழுதுகிறேன். அவள்தான் அவற்றைப் படிக்கிறாள்.