மார்க்கீ எரிந்த கதை

ஜூன் 7, சனி

பழைய வீடியோ கேம் கடைகளில் நின்றுகொண்டே ஆடுவோமே, அந்த மாதிரி ஆர்கேட் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்து ஒரு மாதம் ஆகிறது. ஜாய்ஸ்டிக், பட்டன், உள்ளே ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. கேம் பெயர் எரிய வேண்டிய தலைப் பலகை, அதாவது மார்க்கீ, மட்டும் இருட்டு. அது எரியாத வரைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது கதவு வைக்க மறந்த பீரோதான்.

காலையில் சென்னை ரிச்சி தெரு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள். 1980-களின் கேபினெட்டுகள் பலவற்றில் மார்க்கீக்குப் பின்னால் 18 அங்குல, 15 வாட் டியூப்லைட் இருக்கும், சோக், ஸ்டார்ட்டர் சகிதம். அதையே போடலாமா என்று ஒரு சபலம். "சோக்கை இப்ப எங்க போய்த் தேடுவீங்கண்ணே?" என்று கடைக்காரப் பையன் சிரித்தான். 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒரு ரோலும், வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக்கித் தரும் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்றும் வாங்கினேன். வார்ம் வைட் வேண்டாமென்று விட்டேன். மார்க்கீ படத்தில் வெள்ளை மஞ்சளாகி, நீலம் செத்துப்போகும்.

ஜூன் 8, ஞாயிறு

பெட்டியின் வெளியகலம் 60 செ.மீ. இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் போக, உள்ளே 56.4. ஸ்ட்ரிப்பை நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. மூன்று எல்இடிக்கு ஒரு வெட்டுக்கோடு. இந்த ரோலில் 5 செ.மீ.க்கு ஒன்று. ஆக 55 செ.மீ.யில் இரண்டு துண்டு. மீட்டருக்கு 14.4 வாட் என்றால் மொத்தம் 16 வாட்கூட வராது, ஏறக்குறைய 1.3 ஆம்பியர். எஸ்எம்பிஎஸ் தூங்கிக்கொண்டே கொடுக்கும்.

சால்டரிங் அயர்னைச் செம்புப் பட்டையில் கொஞ்சம் அதிக நேரம் வைத்தேன், பட்டையே உரிந்து கூட வந்துவிட்டது. ஒரு துண்டு வீண்.

அப்புறம்தான் நிஜமான பயம். எஸ்எம்பிஎஸ் தகரத்தில் புறங்கை பட்டதும் சுருக்கென்றது. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. ஃபேஸ் எங்கோ உரசுகிறது என்று அரை மணி நேரம் தேடினேன். எங்கும் உரசவில்லை. அவசரத்துக்கு மாட்டியிருந்த இரண்டு பின் வயர்தான் காரணம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை எர்த்துக்கு வடிக்கிற கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு போக வழியில்லாமல் தகரத்திலேயே நிற்கும். மூன்று பின் வயர் போட்டு, பச்சையை எர்த் திருகில் இறுக்கியதும் டெஸ்டர் அணைந்தது. 230 வோல்ட் முனைகளுக்கு மேல் மூடியும் போட்டாயிற்று. சின்னவள் எங்கே கை விடுவாள் என்று யாருக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

இரண்டு வரிசையையும் பின்பலகையில் ஒட்டி, முன்னால் பால் வெள்ளை அக்ரிலிக் வைத்து, சுவிட்சைப் போட்டேன். இரண்டு தடித்த வெள்ளைக் கோடு, நடுவில் சாம்பல் பட்டை. விபூதிப் பட்டையில் ஒன்று குறைந்தது மாதிரி. ஒளிப்பெட்டியின் ஆழம் 4 செ.மீ.தான், வரிசைக்கு வரிசை இடைவெளி 7. ஒளி பரவி ஒன்றாகச் சேர்வதற்குள் அக்ரிலிக் வந்துவிடுகிறது.

கண்ணும் கூசியது. சரி, குறைத்து எரிய விடலாம் என்று ஒரு டிம்மரை இடையில் போட்டேன். குமிழைத் திருகியதும் ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் ஆரம்பித்துவிட்டது. திருகத் திருகச் சுருதி மாறாமல் சத்தம் மட்டும் ஏறி இறங்குகிறது. டிம்மர் வோல்டேஜைக் குறைப்பதில்லை. விநாடிக்குப் பல நூறு தடவை விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறது. ஆம்ப்ளிஃபையர் போர்டும் அதே எஸ்எம்பிஎஸ்ஸில்தான் குடித்தனம். அந்தத் துடிப்பு ஸ்பீக்கர் வழியாகப் பாடுகிறது. எரிச்சலோடு படுக்கப் போனேன்.

ஜூன் 14, சனி

தூக்கத்தில் வந்த யோசனை இல்லை, குளியலறையில் வந்தது. எல்இடியை ஏன் முன்னால் பார்க்க வைக்க வேண்டும்?

ஸ்ட்ரிப்பைப் பிய்த்து, மார்க்கீயைப் பிடித்திருக்கும் மேல், கீழ் சட்டங்களின் முதுகில், உள்நோக்கித் திருப்பி ஒட்டினேன். பழைய பசை பிடிக்காததால் புது டேப். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் இரண்டு கோட். இப்போது விளக்கு தெரியவில்லை, சுவர்தான் எரிகிறது. அக்ரிலிக் முழுக்க ஒரே நிறம், மூலைகளில் மட்டும் ஒரு நூல் மங்கல். கூச்சமும் போய்விட்டதால் டிம்மருக்கு வேலையில்லை. கழற்றினேன், ரீங்காரமும் போயிற்று. அந்தக் காசுக்கு இரண்டு பிரியாணி சாப்பிட்டிருக்கலாம்.

ஜூன் 21, சனி

மார்க்கீக்கான படம், கேப்காம் கம்பெனி 1993-இல் விட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் கேமுடையது. இந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தனுக்கும் தெரியாது. எங்களுக்கு அது, அதில் வரும் ஆளின் பெயரில், முஸ்தபா கேம். ஒரு ரூபாய் காசை வியர்க்க வியர்க்கப் பிடித்துக்கொண்டு முறைக்கு நின்ற கடையில் மார்க்கீ என்று ஒன்றும் கிடையாது, வெறும் பலகை.

ஃப்ளெக்ஸ் கடைப் பையன் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்குண்ணா பிறந்தநாள்?" என்றான். சாதா வினைல் வேண்டாம், பின்னால் விளக்கு வைப்பதற்கென்றே வரும் பேக்லிட் ஃபிலிமில் போடு என்றேன். சாதாவில் மை மெலிசு. பின்னால் விளக்கு எரிந்ததும் சிவப்பு ரோஸாகிவிடும், கறுப்பு சாம்பலாகிவிடும்.

பால் வெள்ளைக்கும் முன்னால் இருக்கும் கண்ணாடி அக்ரிலிக்குக்கும் நடுவே ஃபிலிமைச் செருகி, இரவு எட்டு மணிக்கு ஹால் லைட்டை அணைத்துவிட்டுப் போட்டேன். கறுப்பில் ஊசிமுனை அளவு இரண்டு பொத்தல் மினுங்கியது. மார்க்கர் பேனாவால் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்ததும் அதுவும் அடங்கியது.

சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் படிக்கப் பார்த்துவிட்டு, "பஸ் போர்டு மாதிரி நல்லாத்தான்டா இருக்கு. எந்த ஊருக்குப் போவுது?" என்றார்.