மாத்திரை இலவசம், மற்றதெல்லாம்?

காசநோய்க்குப் பல நாடுகளில் மருந்து இலவசம்தானே, அப்புறம் என்ன செலவு என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாத்திரைக்குக் காசில்லை, சரி. நோய் இதுதான் என்று தெரிவதற்கு முன்னால், வாரக்கணக்கில் இருமிக்கொண்டு, சளி மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் மாறி மாறி வாங்கி, இரண்டு மூன்று டாக்டர்களைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துக் கரைந்த பணத்தை யார் கணக்கில் எழுதுவது?

சாதாரண காசநோய்க்கே பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை. ரிஃபாம்பிசின் என்கிற காசநோய் மருந்து உள்ளே போனதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிவிடும், சிலருக்குக் குமட்டும், சாப்பாடு இறங்காது. தினக்கூலிக்காரர் இந்த உடம்போடு எப்படி வேலைக்குப் போவார்? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, இந்நோய் தாக்கிய குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இழக்கின்றன. நகை அடகுக்குப் போகும், பிள்ளையின் படிப்பு நிற்கும். கையில் காசு தீர்ந்து மருந்தைப் பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத காசநோயாக அது திரும்பி வரலாம், அடுத்தவருக்கும் அப்படியே பரவலாம்.

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது தனித்தட்டு, தனி டம்ளர். இந்நோய் தட்டிலிருந்து தொற்றாது, இருமும்போது காற்றில்தான் பரவும். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் குணமாகிப் பல வருஷம் கழித்தும் கல்யாணப் பேச்சில், குறிப்பாகப் பெண்களுக்கு, இதைக் கிளறுகிறார்கள். அதற்குப் பயந்தே பலர் இருமலை மறைக்கிறார்கள்.