படத்தைப் பார்த்துவிட்டு நாடகத்தைத் திருத்தப் போன கதை

நான்கு மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் 'ஹேர்' நாடகத்தோடு போகிறது. நடிக்கவில்லை, பாடவில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில், அந்த அமெரிக்க ஹிப்பி கால இசை நாடகத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை, முகம் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். மூவரில் ஒருவர் லண்டன்காரர், இன்னொருவர் அமெரிக்காவில் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர், மூன்றாமவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, காற்புள்ளிகளை மட்டும் திருத்திவிட்டுப் போவார்.

ஆரம்பமே சொதப்பல். மிலோஷ் ஃபோர்மன் 1979-ல் எடுத்த படத்தை இரண்டு தடவை பார்த்த தைரியத்தில், கதைச்சுருக்கம் தப்பாக இருக்கிறது என்று முடிவுகட்டி, கிளாட் என்ற இளைஞன் ஒக்லஹோமாவிலிருந்து நியூயார்க் வருகிறான், கடைசியில் அவனுக்குப் பதிலாக நண்பன் பெர்கர் வியட்நாம் போய்ச் சாகிறான் என்று மாற்றிவிட்டேன். பத்து நிமிடத்தில் நூலகர் பழையபடி ஆக்கிவிட்டார். 'படத்துக்குத் தனிக் கட்டுரை இருக்கிறது' என்று ஒரு வரி மட்டும் காரணம். கோபமாகத்தான் வந்தது, ஆனால் அவர் சொன்னதுதான் சரி. மேடையில் கிளாட் நியூயார்க்கிலேயே குவீன்ஸ் பகுதிப் பையன், இங்கிலாந்தில் மான்செஸ்டர்தான் என் ஊர் என்று சும்மா அளந்துவிடுவான். ராணுவத்தில் சேரச் சொல்லி அழைப்பு வந்ததும் போவதா மறுப்பதா என்று தவிப்பதும் அவன்தான், போய்ச் சாவதும் அவன்தான். ஷீலா படத்தில் பணக்கார வீட்டுப் பெண், மேடையில் போர் எதிர்ப்புப் போராட்டத்தில் நிற்கும் கல்லூரி மாணவி. நாடகத்தை எழுதிய ஜெரோம் ராக்னிக்கும் ஜேம்ஸ் ராடோவுக்குமே அந்தப் படம் பிடிக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் உரையாடல் பக்கத்தில் (திருத்துகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம்) கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

அடுத்து மேடையேற்ற வரலாறு. இங்கே மூன்று கட்டங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. 1967 அக்டோபர் 17 அன்று நியூயார்க்கில் ஜோசப் பாப் என்ற தயாரிப்பாளரின் பப்ளிக் தியேட்டரில் தொடங்கியது முதல் வடிவம். அங்கே சில வாரங்கள்தான். அப்புறம் சீட்டா என்ற நடன விடுதியில் கொஞ்ச நாள். பிறகு டாம் ஓ'ஹோர்கன் இயக்கத்தில் ஏறக்குறைய புதிதாகச் செய்யப்பட்டு, 1968 ஏப்ரல் 29 அன்று நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் பில்ட்மோர் அரங்குக்கு வந்து, 1972 ஜூலை 1 வரை 1,750 காட்சிகள் ஓடியது. பலரும் பேசும் அந்த நிர்வாணக் காட்சி முதல் வடிவத்தில் கிடையவே கிடையாது, பிராட்வேக்குப் போகும்போது வந்தது. கட்டுரையில் அதை 1967 பத்தியில் வைத்திருந்தார்கள். முதல் பாதி முடிவில், மங்கலான வெளிச்சத்தில், சில வினாடிகள், அதுவும் விருப்பமுள்ள நடிகர்கள் மட்டும். இதற்குக் கட்டுரையில் மூன்று பத்தி, இசைக்கு நான்கு வரி! சரி, அதையும் இதையும் இடம் மாற்றுவோம் என்று லண்டன்காரர் சொன்னபோது நாங்கள் நாலு பேரும் ஒத்துப்போனது எனக்கு நினைவிருக்கும் வரையில் அந்த ஒரு தடவைதான்.

இசைப் பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். நாடகத்துக்கு இசையமைத்த கால்ட் மெக்டெர்மட் கனடாவில் மான்ட்ரியலில் பிறந்தவர், தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் இசை படித்தவர், ஹிப்பிகளோடு சுற்றியவர் இல்லை. ஆப்பிரிக்கத் தாளங்கள் இந்த ராக் பாட்டுகளுக்குள் வந்தது அந்தக் கேப் டவுன் வழியாகத்தான். இந்த ஒரு பத்தியை எழுத மூன்று வாரம் பிடித்தது, ஏனென்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நூலகர் சான்று கேட்டார். "துள்ளலான" என்று ஓர் உரிச்சொல் போட்டிருந்தேன். யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் சொன்னேன், காதில் விழுகிறதே! அது போதாதாம், எடுத்துவிட்டேன். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் வசனத்தை அப்படியே எடுத்து மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று உண்டு, அதற்கு மட்டும் யாரும் சான்று கேட்கவில்லை.

இந்தச் சான்று விஷயத்தில் நான் உண்மையிலேயே நொந்துபோனது 'அக்வேரியஸ்' பாட்டில். சந்திரன் ஏழாம் இடத்துக்கு வந்து, குருவும் செவ்வாயும் சேர்ந்தால் உலகத்தில் அமைதி பிறக்கும் என்பதுதான் அந்தப் பாட்டின் சாரம். பஞ்சாங்கம் புரட்டிய வீட்டில் வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வரும். லக்னம் ஒரு நாளைக்குள் பன்னிரண்டு ராசியையும் சுற்றிவிடுகிறது, ஆக சந்திரன் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் ஏழாம் இடத்தில் இருக்கத்தான் செய்யும். குரு செவ்வாய் சேர்க்கையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவதுதான். இதை அழகாக ஒரு பத்தி எழுதிப் போட்டேன். சொந்த ஆராய்ச்சிக்கு இங்கே இடமில்லை என்று போய்விட்டது. ஆங்கிலத்தில் வேறு யாராவது இதையே எழுதி அச்சாகியிருந்தால் போடலாமாம். தேடினேன், மேற்கத்திய ஜோதிடம் எழுதுகிறவர்களே இந்தக் குறையைச் சொல்லியிருக்கிறார்கள். என் பாட்டி சொன்னால் சொந்த ஆராய்ச்சி, அவர்கள் சொன்னால் மேற்கோள். போகட்டும், விஷயம் உள்ளே வந்துவிட்டது. இதில் கூடுதல் வேடிக்கை, தயாரிப்பாளர் மைக்கேல் பட்லர் நாடகத்துக்கென்றே ஒரு ஜோதிடரை வைத்து, நாள் பார்த்துத்தான் திரையைத் தூக்கியிருக்கிறார். நம்மூர்ப் படப் பூஜைக்குக் குறைந்தது இல்லை.

லண்டன் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'ஹேர் வந்து பிரிட்டனின் நாடகத் தணிக்கையை உடைத்தது' என்று கட்டுரையில் ஒரு வாக்கியம் இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்னுக்குப் பின். அங்கே 1737 முதல் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லின் அனுமதித்த நாடகத்தைத்தான் மேடையேற்ற முடியும். (1876-ல் இந்தியாவிலும் நாடகங்களுக்குக் கடிவாளம் போட ஒரு சட்டம் கொண்டுவந்தவர்கள், சொந்த ஊரில் அதற்கு வெகு முன்பிருந்தே பழகியிருக்கிறார்கள்.) 1968-ல் நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தை ஒழித்தது. அந்தச் சட்டம் செப்டம்பர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது, ஷாஃப்ட்ஸ்பரி அரங்கில் 'ஹேர்' தொடங்கியது 27 அன்று. அதாவது நாடகம் கதவை உடைக்கவில்லை, கதவு திறக்கும்வரை வாசலில் காத்திருந்து மறுநாளே உள்ளே போனது. இதைத் திருத்தியதும் நாடக ரசிகர் ஒருவர் வந்து மூன்று தடவை பழைய வாக்கியத்தைத் திரும்பப் போட்டார், நாங்கள் மூன்று தடவை எடுத்தோம். கடைசியில் லண்டன்காரர் இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்து எந்த முடிவும் சொல்லாமல் ஒரே வாக்கியமாக எழுதினார். அதோடு சண்டை ஓய்ந்தது.

இதே மாதிரி இன்னொன்று, அமெரிக்க உச்ச நீதிமன்ற வழக்கு. டென்னசி மாநிலத்தில் சாட்டனூகா நகர நிர்வாகம் நாடகத்துக்கு அரங்கம் தர மறுத்தது, வழக்கு 1975-ல் முடிந்தது. 'ஹேர் ஆபாசமில்லை என்று தீர்ப்பு' என்றே பலரும் எழுதுகிறார்கள். நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. முறையான பாதுகாப்பு நடைமுறை எதுவும் இல்லாமல் முன்கூட்டியே தடுத்தது செல்லாது, அவ்வளவுதான் சொன்னது. தீர்ப்பை முழுக்கப் படித்து இந்த இரண்டு வரியைச் சேர்த்ததுதான் நான்கு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன். காற்புள்ளிக்காரர் அதிலும் ஒன்றை எடுத்துவிட்டார்.

படங்கள் சேர்ப்பது சலிப்பான வேலை. சுவரொட்டி காப்புரிமையில் இருப்பதால் சின்ன அளவில் ஒன்றுதான், பாட்டு வரிகளும் தாராளமாகப் போட முடியாது. பில்ட்மோர் அரங்கின் இன்றைய பெயர் சாமுவேல் ஜே. ஃப்ரீட்மன் அரங்கு, கட்டடப் படம் தேடுகிறவர்கள் பழைய பெயரில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது பாக்கி இருப்பது ஒரு எண். லண்டனில் 1973 ஜூலையில் அரங்கின் கூரை இடிந்து விழுந்ததால்தான் ஓட்டம் நின்றது, இரண்டாயிரத்தைத் தொட இன்னும் இரண்டோ மூன்றோ காட்சிகள் இருக்கும்போது. சிலர் 1,997 என்கிறார்கள், சிலர் 1,998. கடைசிக் காட்சியை எண்ணினார்களா இல்லையா என்பதில் வந்த வித்தியாசமாக இருக்கும் என்பது என் ஊகம், ஊகத்தை நூலகர் உள்ளே விடமாட்டார் என்பதும் தெரியும். இப்போதைக்கு இரண்டையும் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறோம். லண்டன்காரர் வருகிற சனிக்கிழமை நூலகத்துக்குப் போய் அந்த மாதத்துச் செய்தித்தாள்களைப் புரட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.