வெடித்த நுனிக்குக் கத்தரிக்கோல், மிச்சத்துக்குத் தேங்காய் எண்ணெய்

ரீபாண்டிங், ப்ளீச், தினமும் அயர்ன் என்று அடிபட்ட முடியை எந்த பாட்டிலும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. வெளியே தெரியும் முடி உயிரில்லாத கெரட்டின் என்ற புரத இழை. அது தானாக ஆறாது. நுனி வெடிப்பை ஒட்டவைக்கும் சீரம் அடுத்த முறை தலைக்குக் குளிக்கும்வரைதான் தாங்கும். வெட்டாமல் விட்டால் வெடிப்பு மேலே ஏறும். முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளர்வதால், 2, 3 மாதத்துக்கு ஒருமுறை 1 செ.மீ. வெட்டினாலும் நீளம் கூடிக்கொண்டுதான் இருக்கும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குக் கீழே இருக்கும் சாதாரண சலூனே போதும்.

அடுத்த செலவு தேங்காய் எண்ணெய். தேக்காவிலோ பேட்டைக் கடையிலோ கிடைக்கும் கலப்பில்லாத எண்ணெய் போதும். ஒவ்வொரு முறை நனையும்போதும் முடி உப்பி, புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் இழைக்குள் நுழைந்து அந்த இழப்பைக் குறைக்கும். சூரியகாந்தி எண்ணெய்க்கும் பேபி ஆயிலுக்கும் அந்தக் குணம் கிடையாது. தோள்வரை முடிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி எடுத்து, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு காதுக்குக் கீழே மட்டும் தடவுங்கள். சொட்டச் சொட்டத் தடவினால் அதைப் போக்கவே இரண்டு முறை ஷாம்பு தேவைப்பட்டு, முடி இன்னும் வறண்டுவிடும். பொடுகு இருந்தால் உச்சந்தலையில் எண்ணெய் வைக்கவே வேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப்பசைதான் தீனி.

ஷாம்பு உச்சந்தலைக்கு மட்டும். வழிந்து இறங்கும் நுரையே நுனிக்குப் போதும். பிறகு தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிட்டு கண்டிஷனர் போடுங்கள். ஈரம் சொட்டும் முடியில் போட்டால் பாதி வழிந்தோடிவிடும். 3 நிமிடம் விட்டு, கண்டிஷனர் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். விலையைவிட லேபிளைப் பாருங்கள்: முடியை வழவழப்பாக்கும் பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, அமோடைமெத்திகோன் (ஒருவகை சிலிகோன்) போன்றவை பட்டியலின் முதல் பாதியில் இருந்தால் மலிவான கண்டிஷனரும் நன்றாகவே வேலை செய்யும். நம் ஊர்ப் புழுக்கத்தில், கழுவாமல் விடும் கிரீமில் கிளிசரின் அதிகம் இருந்தால் முடி பரட்டையாக உப்பும். சிலிகோன் உள்ளதே இங்கே நல்லது.

புரத மாஸ்க் எல்லாருக்கும் தேவையில்லை. சீப்பில் வந்த ஒரு முடியை நனைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டு, சுருங்காமல் அப்படியே நின்றால் ப்ளீச் உள்ளே அரித்திருக்கிறது: ஹைட்ரோலைஸ்டு கெரட்டின் (சிறு துண்டுகளாக உடைத்த கெரட்டின்) உள்ள மாஸ்க் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இழுத்ததும் பட்டென்று அறுந்தால் புரதம் வேண்டாம், கண்டிஷனரைக் கூட்டுங்கள். புரதம் மிஞ்சினால் முடி விறைத்து இன்னும் ஒடியும். முட்டையும் அந்த மாஸ்குக்கு ஈடாகாது, அதன் புரத மூலக்கூறுகள் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. பேக்கிங் சோடா பக்கமே போகாதீர்கள். அதன் காரத்தன்மை இழையின் மேல்செதில்களைத் திறந்துவிடும்.

காலையில் எம்ஆர்டி ரயில் பிடிக்கும் அவசரத்தில் ஈரத்தோடு கொண்டை போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. நனைந்த முடி பலவீனமானது, ரப்பர் பேண்டு இறுக்கும் இடத்திலேயே ஒடியும். காற்றில் இருக்கும் ஈரப்பதத்தில் அது மதியம்வரை காயாமல் வாடையும் அடிக்கும். முந்தைய இரவே குளித்து, பழைய டி-சட்டையால் ஒற்றி, மின்விசிறியில் காயவிடுங்கள். ஹேர் டிரையர் என்றால் 15 செ.மீ. தள்ளி, குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல். அயர்ன் தவிர்க்கவே முடியாவிட்டால் முழுக்கக் காய்ந்த முடியில், 150 டிகிரி செல்சியஸுக்குள். ஈரமுடியில் வைத்தால் உள்ளேயுள்ள தண்ணீர் கொதித்து இழைக்குள் குமிழி விழும்.

நீச்சல் குளத்தில் இறங்கும் முன் குழாய்த் தண்ணீரில் முடியை நனைத்து, கொஞ்சம் கண்டிஷனர் தடவிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஊறிய முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும்.

சீப்பில் வரும் முடியின் அடியில் வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஒடிந்த முடி இல்லை, வேரோடு உதிர்ந்தது. டெங்கி போன்ற கடும் காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ 2, 3 மாதம் கழித்து அப்படிக் கொட்டுவது உண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் தானாக நிற்கும். நிற்காவிட்டால் எண்ணெயை மாற்றிப் பார்க்காமல் பலதுறை மருந்தகத்துக்குப் போய் இரும்புச்சத்தும் தைராய்டும் பரிசோதிக்கக் கேளுங்கள்.