கண்டக்டர் சைடு சத்தம்

எங்கள் காரில் ஒரு சத்தம் வர ஆரம்பித்து நாலு மாசம் இருக்கும். முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. 2013 மாடல், 94,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, மாடி ஏறினால் நமக்கே முட்டியில் சத்தம் வருகிறது, அதற்கு வந்தால் என்ன என்று ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன். அப்புறம் ரேடியோவையும் தாண்டிக் கேட்க ஆரம்பித்தது.

சேலையூரில் எங்கள் தெருவில் நானூறு அடிக்குள் ஐந்து வேகத்தடை. வேகத்தடைக்கென்று, சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஓர் அளவு சொல்லியிருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். அப்படிப் போட்டால் வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். எங்கள் தெருவில் இருப்பவை, வீடு கட்டி மிச்சமான கலவையில் அவரவர் வாசலுக்கு அவரவர் போட்டுக்கொண்டவை. உயரத்தில் விதியை மதித்திருக்கிறார்கள். அகலம் ஒரு முழம் போனதும் கலவை தீர்ந்திருக்கும்.

கவனித்துக் கேட்டதில் சத்தம் இரண்டு வகை என்று தெரிந்தது. குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போனால் காலி டிபன் பாக்ஸில் ஸ்பூன் கிடந்த மாதிரி ஒரு கடகட. பிரேக் போட்டால் ஒரே ஒரு 'டொக்'. அதிலும் ஒரு வேடிக்கை, வேகத்தடையில் நேராக ஏறினால் கடகட வராது, அடி தட்டாமல் இருக்க ஒரு சக்கரமாகக் கோணலாக ஏற்றினால் வரும். இதை மனைவியிடம் சொன்னேன். டிக்கியில் ஸ்டெப்னி ஆடும், போய்ப் பாருங்கள் என்றாள். பார்த்தேன், ஆடவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அப்பாவும் கூட வந்தார். அப்பா அரசு பஸ்ஸில் 28 வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் நான் காரை ஸ்டார்ட் செய்தால் பக்கத்து சீட்டிலிருந்து "போலாம் ரைட்" சொல்லாமல் வண்டி நகராது. மெக்கானிக் எங்களோடு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, பானெட்டைத் திறந்து வைத்து, கையை நீட்டிக் காட்டினார்.

"கண்டக்டர் சைடு சார். லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கும்."

அவர் சொன்னது இடது பக்கத்தை. லாரி, பஸ் பார்த்துப் பழகிய பட்டறைகளில் டிரைவர் சைடு, கண்டக்டர் சைடு என்பதுதான் வழக்கம், லெஃப்ட் ரைட் எல்லாம் கிடையாது. ஆனால் அப்பா அதைத் தன்மேல் விழுந்த புகாராக எடுத்துக்கொண்டார்.

"கண்டக்டர் சைடுல என்னப்பா கோளாறு வரும்? பள்ளத்துல விடுறது டிரைவர். 28 வருஷத்துல நான் ஒரு பள்ளத்துல வண்டியை விட்டதில்ல."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் பானெட்டைப் பார்த்தேன். இன்றைக்கு ஜாக்கி போட்டுப் பார்க்க நேரமில்லை, ஸ்பேர் நானே வாங்கி வைக்கவா என்று கேட்டார். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ஸ்பேர் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் நானே வாங்கினால் முந்நூறு ரூபாயாவது மிச்சமாகுமே!

திங்கட்கிழமை லீவு போட்டு (அந்த லீவின் மதிப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை) தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, ஆட்டோவில் ஜி.பி. ரோடு போனேன். ஆட்டோவுக்கு நூற்றிருபது. கடைக்காரர் மாடல் கேட்டார், வருஷம் கேட்டார், பெட்ரோலா டீசலா கேட்டார், எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னேன். "லெஃப்டா ரைட்டா?" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். நான் பானெட்டுக்கு முன்னால் காரைப் பார்த்து நிற்கிறேன். மெக்கானிக் கை நீட்டிய திசை என் சோற்றுக்கை பக்கம். "ரைட்" என்றேன். வண்டியின் இடமும் வலமும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வது என்பது அப்போது தோன்றவில்லை. எங்கள் வீட்டில் ரைட் என்றால் வலது என்றே யாருக்கும் தோன்றாது, வண்டியை எடு என்றுதான் அர்த்தம்.

லோயர் ஆர்ம் 2,150 ரூபாய். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் வளைந்த இரும்பு, ஒரு முனையில் பால் ஜாயிண்ட், மறுபக்கம் இரண்டு ரப்பர் புஷ். பேப்பரில் சுற்றி மஞ்சப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எதிரில் இருந்த அம்மா பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்பது தெரிந்தது. பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாகம், வளைவும் கனமுமாக, அசலாக அரிவாள் மாதிரி இருந்தது. "கார் பார்ட்ஸ்மா" என்றேன். தலையாட்டினார், கிண்டியில் இடம் மாறி உட்கார்ந்தார்.

மறுநாள் பட்டறை. மெக்கானிக் காரை ஜாக்கியில் ஏற்றி, கண்டக்டர் சைடு சக்கரத்தைக் கழற்றி, புது ஆர்மை எடுத்துப் பழசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழசு முன்னால் வளைந்திருந்தது, புதுசு பின்னால் வளைந்திருந்தது. திருப்பிப் பிடித்தார். கவிழ்த்துப் பிடித்தார்.

"சார், இது டிரைவர் சைடு."

பில்லை எடுத்துப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

என்ன தோன்றியதோ, மெக்கானிக் ஒரு கடப்பாரைக் குட்டி மாதிரி லீவரை எடுத்து கண்டக்டர் சைடு புஷ்ஷில் கொடுத்து நெம்பினார். அசையவில்லை. இன்னொரு முறை நெம்பினார். ரப்பர் கல்லு மாதிரி நின்றது. வாயைத் திறக்காமல் அந்தச் சக்கரத்தை மாட்டிவிட்டு டிரைவர் சைடுக்குப் போய் அதைக் கழற்றி நெம்பினார்.

டொக்.

நாலு மாசமாக நான் கேட்ட அதே டொக். குனிந்து பார்த்தேன், பின்பக்கப் புஷ்ஷில் ரப்பர் கிழிந்து, நடுக் குழாய் பழைய செருப்பின் வார் மாதிரி ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் அடிச்சட்டம் வழியாக அந்தப் பக்கம் போய்க் கேட்குமாம், உள்ளே உட்கார்ந்து காதை வைத்து எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதாம். சனிக்கிழமை அவர் காதை வைத்துத்தான் சொன்னார் என்பதை நான் நினைவூட்டவில்லை. தப்பாக வாங்கியதே சரியாகப் போன சந்தோஷத்தில் இருந்தேன்.

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் என்ன சொன்னேன்?"

அப்புறம் மெக்கானிக் என்னை மட்டும் வீலுக்குக் கீழே கூப்பிட்டுக் காட்டினார். "இது மெக்பர்சன் சார், ஷாக்ஸும் ஸ்பிரிங்கும் ஒண்ணா வரும்" என்றார். இதற்கு முன்னால் இந்த வண்டியைக் கெடுத்த ஆள் போல என்று நினைத்து, அவர் எங்கே பட்டறை வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடியதில், 1940களில் இந்த அமைப்பை வடிவமைத்த அமெரிக்க எஞ்சினியர் அவர். ஷாக்ஸில் ஆயில் கசிவு இல்லை, மெக்கானிக் காட்ட வந்தது அதன் பக்கத்தில் இருந்த லிங்க் ராடு. கையால் பிடித்து ஆட்டினாலே கடகட. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் சும்மா திரும்பிக்கொள்ளும், ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் பார் முறுக்கும், அப்போது அதை ஷாக்ஸோடு இணைக்கும் லிங்க் ராடை இழுக்கும், அதனால்தான் கோணலாக ஏற்றும்போது மட்டும் சத்தம் என்றார். ஸ்டெப்னி நிரபராதி.

டிரைவர் சைடு லிங்க் ராடில் லேசான ஆட்டம்தான். தளர்ந்து தொங்கியது கண்டக்டர் சைடில். மெக்கானிக் ஸ்டூல் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டையும் மாத்திடுறேன் சார். பெருசுகிட்ட சொல்ல வேணாம்."

பக்கத்துக் கடையில் ஜோடி 1,300 ரூபாய்க்கு வந்தது. பழசின் நட் துரு பிடித்து, நட்டோடு சேர்ந்து உள்ளிருந்த போல்ட்டும் சுற்றியது, கடைசியில் கிரைண்டர் வைத்துப் பொறி பறக்க அறுத்தார். லோயர் ஆர்மை மாட்டியவர் புஷ் போல்ட்டுகளை முழுதாக முடுக்காமலே காரை இறக்கினார். மறந்துவிட்டார் போல என்று பதறினேன். வண்டி எடை சக்கரத்தில் நின்ற பிறகுதான் முடுக்க வேண்டுமாம், தொங்கும்போதே முடுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழிந்துவிடுமாம். இத்தனை வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வீல் அலைன்மெண்டையும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் டயர் ஒரு பக்கமாகத் தேயும் என்று அனுப்பினார்.

திரும்பி வரும்போது ஐந்து வேகத்தடையிலும் வேண்டுமென்றே கோணலாக ஏற்றினேன். ஒரு சத்தம் இல்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பில்லை டிக்கெட் புத்தகம் சரிபார்ப்பது போல வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தார்.

"டேய், லிங்க் ராடு ரெண்டுன்னு போட்டிருக்கு. எதுக்கு ரெண்டு?"

"அது ஜோடியாத்தான் மாத்தணும்பா."

"ஓ" என்று பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போலாம் ரைட்."