மாஸ்ரர் விசாரித்த கூலிபாலி

எங்கள் உதைபந்தாட்ட மாஸ்ரரின் மறைவை ஒட்டி இம்மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி பழைய மாணவர் சங்கத்தின் பிரான்ஸ் கிளைச் செயலாளர் கேட்டிருந்தார். மாஸ்ரரின் கண்டிப்பையும், மூன்றரை மணி விசிலையும், ஆட்டம் முடிந்த பின் கிணற்றடியில் அவர் வைக்கும் வரிசையையும் எனக்கு முன்னும் பின்னும் படித்தவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். அவருடைய கடைசி ஆண்டுகளில் நாங்கள் இருவரும் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பேசிய ஒரு விடயத்தை நான் எழுதுகிறேன். கலிடு கூலிபாலி என்ற பின்வரிசை வீரரின் வாழ்க்கையே அது.

2022 நவம்பர் 29 அன்று கட்டார் உலகக் கிண்ணப் போட்டியில் செனகல் அணி ஈக்குவடோரை 2–1 என்று வென்றதை மாஸ்ரர் வீட்டிலிருந்து பார்த்திருந்தார். 67ஆம் நிமிடத்தில் ஈக்குவடோர் ஆட்டத்தைச் சமன் செய்தது. மூன்று நிமிடங்களில் செனகலின் தலைவரான கூலிபாலி எதிரணியின் கோல் வாசலில் வந்து நின்று பந்தை உள்ளே அடித்தார். தன் நாட்டு அணிக்காக அவர் போட்ட முதலாவது கோல் அது. மறுநாள் என்னை அழைத்த மாஸ்ரர் இரண்டு கேள்விகள் கேட்டார். கூலிபாலியின் கைப்பட்டியில் 19 என்று ஏன் எழுதியிருந்தது? பிரான்சில் பிறந்த பிள்ளை என்கிறார்களே, அப்படியானால் அவர் ஏன் செனகலுக்கு ஆடுகிறார்?

முதற் கேள்விக்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது. 19 என்பது பாபா பூபா டியோப் அணிந்த இலக்கம். 2002 மே 31 அன்று, நடப்பு உலகச் சம்பியனாக இருந்த பிரான்சை செனகல் 1–0 என்று வென்றபோது அந்த ஒரே கோலைப் போட்டவர் டியோப். அவர் இறந்து சரியாக இரண்டு ஆண்டுகள் நிறைந்த நாளிலேயே ஈக்குவடோருடனான ஆட்டம் நடந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல நான் கூலிபாலியின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. படித்ததை ஒவ்வொரு ஞாயிறும் மாஸ்ரருக்குச் சொன்னேன்.

கூலிபாலி 1991 ஜூன் 20 அன்று கிழக்குப் பிரான்சிலுள்ள சென்-டியே-தே-வோஜ் என்ற சிறு நகரில் பிறந்தவர். செனகலிலிருந்து வேலை தேடி வந்த தந்தை நெசவாலையில் ஓய்வின்றி உழைத்துப் பணம் சேர்த்த பின்னரே தாயை அழைத்துக்கொண்டார். பல நாட்டுக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பில் வளர்ந்த அந்தச் சிறுவன், 2002இல் டியோப்பின் கோலைத் தன் வகுப்பறையிலேயே பார்த்தார். ஆட்டம் பிரெஞ்சு நேரப்படி பாடவேளையில் நடந்தது. வகுப்பு ஆசிரியர் புத்தகங்களை எடுக்கச் சொல்லிச் சில நிமிடங்களில் அவற்றை மூடவும் சொல்லிவிட்டு, பாடத்துக்குரிய படம் ஒன்றைப் பார்ப்போம் என்று தொலைக்காட்சியைப் போட்டு, பிரான்ஸ்–செனகல் ஆட்டத்தைக் காட்டினாராம். பின்னாளில் கூலிபாலி தம் இளமைக் காலத்தைப் பற்றிச் சொன்னபோது மிகுந்த அன்போடு நினைவுகூர்ந்தவற்றுள் இதுவும் ஒன்று. மாஸ்ரர் இதைக் கேட்டதும் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, அந்த ஆசிரியர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தார். அதற்குப் பிறகும் இதே கதையை அவர் பல தடவை என்னிடம் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

மெட்ஸ் கழகம் கூலிபாலியைச் சிறுவயதில் சேர்த்துப் பின்னர் ஊருக்கே அனுப்பிவிட்டது. ஊர்க் கழகத்தில் மீண்டும் ஆடித் தேறிய பிறகே அதே மெட்ஸ் அவரைத் திரும்ப அழைத்தது. 2011இல் பிரான்சின் 20 வயதுக்குட்பட்ட அணிக்காகக் கொலம்பியாவில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஆடினார். 2012இல் பெல்ஜியத்தின் கெங்க் கழகத்துக்கும் 2014இல் இத்தாலியின் நாப்போலிக்கும் சென்றார். 2015 செப்டெம்பரில் நமீபியாவுக்கு எதிராகச் செனகலின் சட்டையை முதன்முறையாக அணிந்தார். அப்போது அவருக்கு 24 வயது. இளையோர் அணியில் ஒரு நாட்டுக்கு ஆடியவர் மற்றொரு நாட்டுக்கு மாற விரும்பினால் 21 வயதுக்குள் மாறவேண்டும் என்ற விதி முன்னர் இருந்தது. 2009இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் அந்த வயதெல்லையை நீக்கியிராவிட்டால், செனகலுக்கு இப்படியொரு தலைவர் கிடைத்திருக்க மாட்டார். முதலாவது அணிக்கு ஆடும் காலத்திலேயே இரண்டாவது நாட்டின் குடியுரிமையும் கையிலிருக்க வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை; 2020இல் அதுவும் ஓரளவு தளர்த்தப்பட்டது. விதிகளை வாக்கியம் வாக்கியமாகக் கேட்டறிவது மாஸ்ரருக்குப் பிடிக்கும் என்பது அவரிடம் ஆடியவர்களுக்குத் தெரியும்.

அவர் மிகவும் கலங்கியது மிலான் நகர ஆட்டத்தைச் சொன்னபோது. 2018 டிசெம்பர் 26 அன்று சான் சிரோ மைதானத்தில் இன்டருக்கு எதிராக நாப்போலி ஆடுகையில், கூலிபாலியின் காலில் பந்து வரும்போதெல்லாம் பார்வையாளரில் ஒரு பகுதியினர் குரங்கைப் போலக் கத்தினார்கள். ஆட்டத்தை நிறுத்தும்படி நாப்போலி தரப்பு பலமுறை கேட்டும் அது நிறுத்தப்படவில்லை. 80ஆம் நிமிடமளவில் மஞ்சள் அட்டை காட்டப்பட்டபோது கூலிபாலி மத்தியஸ்தரைப் பார்த்துக் கைதட்டினார். அதற்கு இரண்டாவது மஞ்சள் அட்டையும், அதனால் சிவப்பு அட்டையும் கிடைத்தன. ஒருவர் குறைந்த அணி கடைசி நேரத்தில் தோற்றது. அன்றிரவு அவர் தம் சகவீரர்களை விட்டு வெளியேற நேர்ந்ததற்காக வருந்தி எழுதியதோடு, தாம் பிரெஞ்சுக்காரராகவும் செனகல்காரராகவும் நாப்போலிக்காரராகவும் மனிதராகவும் இருப்பதில் பெருமைப்படுவதாகவும் எழுதினார். இன்டர் இரண்டு ஆட்டங்களைப் பார்வையாளர் இல்லாமல் ஆடும்படி தண்டிக்கப்பட்டது. கூலிபாலிக்கும் இரண்டு ஆட்டத் தடை விழுந்தது. இதே காரணத்துக்காக 2016இல் லாட்சியோ மைதானத்தில் ஒரு மத்தியஸ்தர் ஆட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி வைத்திருந்தார் என்றும் மாஸ்ரருக்குச் சொன்னேன். தாமும் பல ஆண்டுகள் விசில் பிடித்தவர் என்பதால், அந்த ஒரு மத்தியஸ்தரைப் பற்றியே அதன் பிறகு கேட்டுக்கொண்டிருந்தார்.

இவ்விடத்தில் நான் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் முன்வரிசைக்கு ஆசைப்படாத பிள்ளை இருக்கவில்லை. நானும் ஒன்பதாம் இலக்கச் சட்டையைக் கேட்டவன்தான். மாஸ்ரர் என்னை எல்லோருக்கும் முன்னால் பின்வரிசைக்கு அனுப்பினார். அது தண்டனை என்றே அன்று நினைத்து, பயிற்சி முடிந்து வீடு வரும்வரை அழுதேன். பின்னால் நிற்பவனுக்கு இரு அணியும் முழு மைதானமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும் என்பதும், முன்னால் நிற்பவர்களை அவன் குரலே நடத்துகிறது என்பதும் அந்த இடத்தில் இரண்டு பருவங்கள் ஆடிய பிறகு விளங்கியது. கூலிபாலியைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தெரிவது அவருடைய உயரமோ வேகமோ அல்ல. ஓயாமல் சைகை காட்டும் அவருடைய கை. மாஸ்ரர் எனக்குப் பழக்கிய கை அது.

2018 ஏப்ரல் 22 அன்று யுவென்டசின் மைதானத்தில் 90ஆம் நிமிடத்தில் மூலை உதையிலிருந்து தலையால் முட்டி நாப்போலிக்கு வெற்றி தேடிக் கொடுத்தவர் அவர். அடுத்த வாரமே ஃபியோரென்டினாவுடனான ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். நாப்போலி 3–0 என்று தோற்றது. 91 புள்ளிகள் எடுத்தும் அந்த ஆண்டு இத்தாலிய லீக் கிண்ணம் யுவென்டசுக்கே போனது. அதே ஆண்டு ரஷ்யாவில் செனகலும் ஜப்பானும் புள்ளியிலும் கோலிலும் சமமாக நிற்க, மஞ்சள் அட்டைகள் கூடியதால் செனகல் வெளியேறியது. உலகக் கிண்ண வரலாற்றில் அப்படி வெளியேறிய முதல் அணி அதுவே. 2019இல் ஆபிரிக்கக் கிண்ண இறுதியாட்டத்தில் கூலிபாலிக்குத் தடை. அவருக்குப் பதிலாக ஆடிய வீரரின் உடலில் பட்டுத் திசைமாறிய பந்தால் இரண்டாம் நிமிடத்தில் அல்ஜீரியா கோல் போட்டு வென்றது. இத்தனைக்கும் பிறகு 2022 பெப்ரவரி 6 அன்று யவுண்டேயில் எகிப்துக்கு எதிரான பெனால்டி உதைகளில் செனகலின் முதல் உதையை எடுத்து உள்ளே அனுப்பியவர் கூலிபாலி. செனகல் முதன்முறையாகப் பெற்ற ஆபிரிக்கக் கிண்ணத்தை அணித்தலைவராக உயர்த்திப் பிடித்தவரும் அவர்.

அந்தக் கோடையில் நாப்போலியை விட்டுச் செல்சிக்குப் போனார். ஓராண்டில் சவூதியின் அல்-ஹிலாலுக்கு மாறினார். எட்டுப் பருவங்களில் 300க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியும் அவருக்குக் கிடைக்காத இத்தாலிய லீக் கிண்ணத்தை, அவர் போன அடுத்த பருவமே, 33 ஆண்டுகளுக்குப் பிறகு நாப்போலி வென்றது. இதை நான் சொன்னபோது மாஸ்ரர், போனவர்களுக்கும் அதில் பங்குண்டு என்றார். அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய் மறு ஆண்டு திரும்பி, கோல் கம்பமும் இல்லாத மைதானத்தில் இருந்த பிள்ளைகளைக் கொண்டு மறுபடியும் பயிற்சி தொடங்கியவர் அவர். அவர் வளர்த்த பின்வரிசைகளில் பெரும்பகுதி அப்போது பாரிசிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்தது.

சென்ற ஆண்டு அவர் ஒன்று கேட்டார். ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்தவர்கள் இப்போது இலங்கை அணிக்கு ஆடுகிறார்களே, எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிள்ளைகளும் வரலாம்தானே என்றார். விதி இடம் கொடுக்கும், கடதாசிதான் இடம் கொடுக்காது என்று விளக்கினேன். கூலிபாலியின் தந்தை வேலைக்காக வந்தவர். செனகல் அவருக்குக் கதவைச் சாத்தவில்லை, மகன் இரண்டு நாட்டுப் பிள்ளையாக வளர முடிந்தது. நாங்கள் உயிருக்கு அஞ்சி வந்தவர்கள். அகதி அந்தஸ்துக் கிடைத்த நாளில் ஊர்க் கடவுச்சீட்டைக் கையளித்தோம். பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றபோது, இலங்கைச் சட்டப்படி பழைய குடியுரிமை இல்லாமற்போனது; 1987 முதல் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழியிருந்தும், ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் எங்களில் எவருக்கும் அந்தக் கதவைத் தட்டும் எண்ணம் வரவில்லை. பாரிசின் புறநகர்க் கழகமொன்றில் நடுப் பின்வரிசையில் ஆடிய என் மகனுக்கு, எந்த நாட்டுக்கு ஆடுவாய் என்ற கேள்வியே எழ இடமிருக்கவில்லை.

மாஸ்ரர் முழுவதையும் கேட்டார். மகன் எந்தக் காலால் ஆடுவான் என்று கேட்டார். இடக்கால் என்றேன். இடக்கால் பின்வரிசைக்காரன் தமக்கு எந்தக் காலத்திலும் அகப்பட்டதில்லை என்றும், ஒரு விடுமுறைக்காவது அவனைக் கூட்டிக்கொண்டு வந்து மைதானத்தில் நிறுத்தும்படியும், அதற்குக் கடவுச்சீட்டில் விசா இருந்தால் போதும்தானே என்றும் சொன்னார். வருகிற ஆவணியில் நாங்கள் இருவரும் போகப் பயணச்சீட்டு எடுத்திருந்தோம். அவர் பங்குனியில் காலமானார். பயணத்தை நாங்கள் மாற்றவில்லை.